கூல் ஹெர்க்கை நான் கேட்டதில்லை

டேப் ரெக்கார்டரின் ஹெட்டை வாரத்துக்கு ஒருமுறையாவது ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும். பலர் செய்வதில்லை. நான் செய்வேன். ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் என் கடையில் பதிந்த கேசட்டில் இரைச்சல் என்று இதுவரை ஒருவரும் திரும்பி வந்ததில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இன்ஸ்பெக்டர் ஐயா, நான் அவசரத்தில் காரியம் செய்கிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். தவசிமுத்து விஷயத்திலும் நான் அவசரப்படவில்லை.

நாங்கள் மூன்று பேர். தவசிமுத்து இங்கே ஒரு நூற்பாலையில் எலெக்ட்ரீசியன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், தினமும் பஸ்ஸில் வந்து போவான். ஹமீது என் கடையை ஒட்டிக் கூல்டிரிங்ஸ் கடை வைத்திருக்கிறார். அவருடைய அண்ணன் ஜமால் முகமது துபாயில் இருக்கிறார். லீவில் வரும்போது சென்ட், டார்ச் லைட்டோடு சில கேசட்டுகளும் கொண்டுவருவார். அங்கே அவரோடு தங்கியிருந்த ஒரு சூடான்காரர் கேட்டு முடித்துக் கொடுத்தவை. அமெரிக்கக் கறுப்பின இளைஞர்கள், ராகம் இழுக்காமல், தாளத்துக்குள் வேகவேகமாகப் பேசுகிற பாட்டு. ஹிப் ஹாப் என்று பெயர். எண்பத்தெட்டில் முதல் கேசட்டை என் கடையில் ஓட்டியபோது ஹமீது, “என்னப்பா, கோர்ட்டுல வக்கீலுங்க சண்டை போடுறாப்புல இருக்கு” என்றார். அதே கேசட் இரண்டாம் முறை ஓடியபோது மூன்று பேரும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தோம்.

இந்தத் தாலுகாவிலேயே ஹிப் ஹாப் கேட்கிறவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். அதனால் எங்களுக்குள் ஒற்றுமை இருந்திருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹமீது கடையில் பன்னீர் சோடாவை வைத்துக்கொண்டு உட்காருவோம். பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். இந்தப் பாட்டுக்காரர்களில் யாருடைய தாக்கம் பெரியது?

நான் ரக்கீம் கட்சி. ஒரு வரியின் கடைசியில் மட்டும் எதுகை வைத்துக்கொண்டிருந்தவர்களை, வரிக்கு நடுவிலும் வைக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அவருக்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் அவரைப் போலத்தான் மூச்சு விடுகிறார்கள். ஹமீது எந்தப் பக்கமும் சாய மாட்டார். “ரக்கீம்னு பேரு நம்ம ஆளு பேரு மாதிரி இருக்கு. அதுக்காக ஓட்டுப் போட்டா நியாயமில்ல” என்பார்.

தவசிமுத்து பிடித்துக்கொண்டது கூல் ஹெர்க்கை. ஜமால் முகமது செருப்பு சுற்றிக் கொண்டுவந்த ஓர் ஆங்கிலப் பத்திரிகைத் தாளில் அவரைப் பற்றிப் போட்டிருந்தது. நியூயார்க்கில் பிரான்க்ஸ் என்ற பகுதியில், இரண்டு ரெக்கார்டு பிளேயரில் ஒரே இசைத்தட்டை வைத்து, மத்தளம் மட்டும் வருகிற இடத்தை மாற்றி மாற்றி ஓட்டி ஆட்களை ஆடவிட்டவர். அவருடைய கேசட் எங்களிடம் ஒன்றுகூட இல்லை. அவர் குரலை நாங்கள் யாரும் கேட்டதே இல்லை. கேட்காத ஒருவருக்காக அவன் வாதாடினான். எனக்கு அது ஒழுங்கீனமாகப் பட்டது.

“ஏலே சுயம்பு, கரண்டு கண்டுபிடிச்சவன் பாட்டா படிச்சான்?” என்று என்னைக் கேட்டான். “அவன் இல்லாம ஒன் கடையில எந்தப் பாட்டு ஓடும்? ஹெர்க்குதாம்ல கரண்டு. மத்தவன்லாம் பல்பு.”

ஹமீது சிரித்துவிட்டார். மறுநாள் கடையில் ஒருவர் முருகன் பாட்டு கேட்டதற்கு ஐயப்பன் பாட்டைப் பதிந்து கொடுத்துவிட்டேன். என் தொழிலில் அதுதான் முதல் தவறு. அதற்கு அவன்தான் காரணம் என்பதை எங்கேயாவது சொல்லியாக வேண்டும்.

பிறகு தொண்ணூற்றொன்றில் ஒரு ஞாயிறு. அன்றைக்கு ஹமீது கடையில் கல்லூரி மாணவர்கள் சிலரும் நின்றார்கள். தாக்கம் என்றால் என்ன என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். தவசிமுத்து பாதியில் எழுந்தான். ஐஸ் பெட்டியின் மூடியில் விரலால் தாளம் போட்டான். பேச ஆரம்பித்தான், தமிழில்:

“நூலு சுத்துது, ஸ்பிண்டில் சுத்துது,
நாலு மணிக்கு என் மண்டை சுத்துது;
ஆலைச் சங்கு ஆளைத் தின்னுது,
வேலை முடிஞ்சா வீதி மறக்குது.”

இப்படியே போயிற்று. நன்றாக இருந்தது. உண்மையை மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. மாணவர்கள் கைதட்டினார்கள். தவசிமுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, “எங்கியோ ஒருத்தன் மத்தளத்தைச் சுத்தவிட்டான், இங்க ஒரு மில்லுக்காரன் வாயத் தொறந்துட்டான். இதுக்கு மேல என்னல தாக்கம் வேணும்?” என்றான். ஒரு மாணவன் அந்தக் கூல் ஹெர்க் கேசட் கிடைக்குமா என்று கேட்டான். கேசட் கடைக்காரனாகிய என்னிடமே கேட்டான்.

அதன் பிறகு தவசிமுத்து இடைவிடாமல் வரி கட்டினான். பஸ்ஸில் முணுமுணுப்பான். மில்லில் ஏணிமேல் நின்று முணுமுணுப்பான். தெருவில் நடக்கும்போது வலது கை தானாக மேலும் கீழும் போகும்.

ஆவணி கடைசியில் அவன் மனைவி செல்லக்கனி என் கடைக்கு வந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“அண்ணாச்சி, அவிய தன்னாலயே பேசுதாவ. சோறு திங்கும்போதும் கை ஆடுது. என்னன்னு கேட்டா, ‘ஒனக்குப் புரியாதுட்டி’ங்காவ. ஒங்க சேக்காளிதான, ஒங்களுக்கு ஏதும் தெரியுமா?”

அது பாட்டு, தங்கச்சி. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. நான் அவளை உட்காரச் சொன்னேன். ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தேன். எனக்கு இரக்கம் உண்டு.

“எம்புட்டு நாளா இருக்கு?” என்று கேட்டேன். சொன்னாள். “தூங்குதானா?” சரியாகத் தூங்குவதில்லை என்றாள். “பார்க்காத ஆளைப் பத்திப் பேசுதானா?” அவள் அழுதாள். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பேரைச் சொல்கிறார் என்றாள். வெள்ளைக்காரர் இல்லை என்று திருத்த நினைத்தேன், அது சமயமில்லை.

கவனியுங்கள், ஐயா, நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. கேள்விகள்தான் கேட்டேன். வத்திராயிருப்புக்கு மேற்கே, மலையடிவாரத்தில், தென்னந்தோப்புக்குள் தங்கச்சாமி என்று ஒருவர் இந்த மாதிரி ஆட்களை வைத்துப் பார்க்கிறார் என்று ஒரு தகவல் கொடுத்தேன். தகவல் கொடுப்பது குற்றமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அவனை அங்கே கூட்டிப்போகிற பொறுப்பு என்மேல் விழுந்தது. செல்லக்கனி, “நீங்க கூப்பிட்டாத்தான் வருவாவ” என்றாள். அது உண்மைதான். நான் சொன்ன பொய் என்று ஒன்று இருந்தால் இங்கேதான். “வத்திராயிருப்புல ஒரு தோப்புக்காரர் அமெரிக்காவுல இருந்து வந்திருக்காரு. கூல் ஹெர்க் நடத்துன ஆட்டத்துல பதிஞ்ச கேசட்டு அவருகிட்ட இருக்காம்” என்றேன்.

தவசிமுத்து ஆடிப்பூரத் தேருக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தை எனக்கு விட்டுக் கொடுத்தான். “சுயம்பு, கேசட்டைக் கேட்டுட்டு நீ தோத்துட்டன்னு வை. நான் சிரிக்க மாட்டேம்ல. சத்தியமா” என்றான். எதிராளியின் மனம் எப்படி நோகும் என்று யோசிக்காமல் பேசுவது அவன் சுபாவம்.

தோப்பில் செல்லக்கனியும் அவள் தம்பியும் முன்பே வந்து காத்திருந்தார்கள். தென்னைமரத்துக்கு ஒருவராக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓடிவிடாமலிருக்கக் காலில் சங்கிலி. சங்கிலிகள் துருப்பிடிக்காமல் இருந்ததை நான் கவனித்தேன். நல்ல பராமரிப்பு.

தவசிமுத்துவுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் கத்தவில்லை. பொறுமையாக விளக்கினான். “ஐயா, இது பைத்தியமில்ல, பாட்டு. அமெரிக்காவுல கூல் ஹெர்க்னு ஒருத்தர் ரெண்டு ரெக்கார்டு பிளேயரை வச்சு...” அவன் விளக்க விளக்கத் தங்கச்சாமி தலையை ஆட்டினார். பேச்சில் பிரான்க்ஸ் வந்ததும் சங்கிலியை எடுத்துவரச் சொன்னார்.

தவசிமுத்து என் பக்கம் திரும்பினான். “சொல்லுல சுயம்பு. ஒனக்குத் தெரியும்ல.”

தங்கச்சாமி என்னிடம் கேட்டார்: “இவரு சொல்ற ஆளு யாரு? நீங்க கேட்டிருக்கீங்களா?”

“நான் கேட்டதே இல்லை” என்றேன்.

அது சத்தியமான வார்த்தை, ஐயா. முன்பே சொன்னேன், அவருடைய கேசட் எங்களிடம் இல்லை.

செல்லக்கனி வெட்கத்தில் அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பதாக ஊரில் சொன்னாள். ஹமீது விசாரித்தபோது நானும் அதையே சொன்னேன். ஒரு குடும்பத்தின் மானம் சம்பந்தப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் ரக்கீமின் தாக்கத்தைப் பற்றித் தடையில்லாமல் பேச முடிந்தது. ஹமீது, “சரிப்பா, ரக்கீம்தான்” என்று சொல்லிவிட்டுப் பாட்டில் கழுவப் போய்விடுவார். அதில் ஒரு ருசியும் இல்லை. வாதத்துக்கு எதிராளி வேண்டும்.

ஆகவே தோப்புக்குப் போனேன். சின்ன டேப் ரெக்கார்டரும் ரக்கீம் கேசட்டும் கொண்டுபோனேன். அவன் பக்கத்தில் வைத்து ஓடவிட்டேன். இன்னொரு மரத்தடியில் ஒரு பெரியவர் தலையை ஆட்டினார். அதைத் தாக்கத்துக்குச் சான்றாக வைத்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன். அவர் எப்போதுமே ஆட்டுவார் என்றார்கள். விட்டுவிட்டேன்; பொய்ச் சான்று எனக்கு வேண்டாம்.

“இப்ப சொல்லு, யாரு பெரியவரு?” என்றேன். தவசிமுத்து காறித் துப்பினான். “ஹெர்க்குதாம்ல” என்றான்.

மழைக்காலம் முடிந்து மறுபடி போனேன். மொட்டை அடித்திருந்தார்கள். கணுக்காலில் புண். என்னைப் பார்த்ததும் கும்பிட்டான். சேக்காளி சேக்காளியைக் கும்பிடுவது எனக்குப் பிடிக்காது; சொன்னேன்.

“ரக்கீம்தான், சுயம்பு. நீ சொன்னதுதான் சரி. நான் தோத்துட்டேன். செல்லக்கனிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லுல, அது பாட்டுன்னு.”

எவ்வளவு காலமாகக் காத்திருந்த வார்த்தை. ஆனால் நான் நியாயமாக யோசித்தேன். சங்கிலியில் இருக்கிற, சித்தம் சரியில்லை என்று கட்டிப்போட்ட ஓர் ஆள் சொல்லும் ஒப்புதல் எந்த விவாதத்தில் செல்லும்? நாளைக்கு ஹமீதே கேட்பார். அதனால், “நல்லா குணமாயிட்டு வந்து சொல்லு” என்று சொல்லிவிட்டு, வத்திராயிருப்பு பஸ்ஸைப் பிடித்தேன். என் இடத்தில் வேறு யாராக இருந்தாலும் அந்த வெற்றியை எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

சித்திரையில் ஜமால் முகமது லீவில் வந்தார். தவசிமுத்துவுக்கென்று ஒரு கேசட் வாங்கி வந்திருந்தார். ஹமீது அதை எடுத்துக்கொண்டு மடவார் வளாகம் போனார். அங்கே நடந்ததை அவரே என் கடை வாசலில் நின்று, உள்ளே வராமல், சொன்னார். திருப்பூர் விலாசம் கேட்டதும் செல்லக்கனி உடைந்து அழுது, தோப்பு விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். அப்படி என்னதான் பேசினான் என்று இவர் கேட்டிருக்கிறார். அவள் சொல்லிக் காட்டியிருக்கிறாள். நூலு சுத்துது, ஸ்பிண்டில் சுத்துது. அவன் வாயால் கேட்டுக் கேட்டு, ஒரு சொல் விடாமல் அவளுக்கு மனப்பாடமாகியிருக்கிறது. அடுப்பங்கரையில் நின்று, அழுதுகொண்டே, தாளம் தப்பாமல் சொன்னாளாம்.

“ஏத்தா, இது பாட்டுத்தா” என்று ஹமீது சொல்லியிருக்கிறார்.

அன்றைக்கே ஹமீதும் ஜமால் முகமதுவும் வாடகைக் கார் பிடித்துத் தோப்புக்குப் போய் அவனை அழைத்துவந்துவிட்டார்கள். ஹமீது அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. தவசிமுத்து யாரோடும் பேசவில்லை. பக்கத்து வீட்டு ரேடியோவில் எந்தப் பாட்டு வந்தாலும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுகிறானாம். கை ஆடுவது நின்றுவிட்டது. அந்தத் தங்கச்சாமி கைராசிக்காரர் என்றுதான் சொல்ல வேண்டும்.

உங்களிடம் புகார் எழுதிக் கொடுப்பதற்கு முந்தைய நாள் செல்லக்கனி கடைக்கு வந்தாள். இந்த முறை வாயைப் பொத்திக்கொள்ளவில்லை.

“நான் வந்து கேட்ட அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியும், இல்லையா?”

“தெரியும்” என்றேன்.

“பொறவு ஏன் சொல்லல?”

அவளிடம் விளக்கிப் பயனில்லை. அவளுக்கு ஹிப் ஹாப் தெரியாது. உங்களுக்கும் தெரியாது, ஆனாலும் நீங்கள் படித்தவர், யோசித்தால் விளங்கும். அவன் வாயில் வந்தது பாட்டு என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பிரான்க்ஸில் கூல் ஹெர்க் தொடங்கியது மடவார் வளாகம் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது என்று என் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகியிருக்கும். நீங்களே நியாயமாகச் சொல்லுங்கள், ஐயா. அதற்குப் பிறகு என் பக்கம் வாதாட என்ன மிச்சம் இருந்திருக்கும்?