இளைப்பு

என் இங்கிலீஷைக் குறை சொன்னவர் இதுவரை யாரும் இல்லை, ஐயா. எல்லா நாட்டுக் கிளைகளிலும் அரியலூர்க் கிளையிலிருந்து நான் எழுதும் கடிதங்கள்தான் தெளிவாக இருக்கின்றன என்று வெளிநாட்டுத் தலைமை ஆபீஸே ஒருமுறை எழுதியிருந்தது. அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

எழுபத்தெட்டில் அவர்களிடமிருந்து ஒரு படிவம் வந்தது. தொழிலாளருக்கு உடம்புக்கு என்ன செய்கிறது என்று அவரவர் வாயால் கேட்டு, இங்கிலீஷில் எழுதி அனுப்ப வேண்டும். மூச்சுக் கோளாறு என்று ஒருவர் சொன்னாலும் கொட்டகையை மூடி, தூசி உறிஞ்சும் இயந்திரம் வைத்த பிறகே திறக்க வேண்டும் என்று அதன் அடியிலேயே அச்சிட்டிருந்தது.

எங்களுடையது ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு செய்யும் ஆலை. கல்நார் மூட்டை பிரிக்கும் கொட்டகைக்குப் போனேன். இருசம்மாள் வாயில் கட்டியிருந்த முந்தானையை அவிழ்த்துவிட்டுச் சொன்னாள்.

"இளைப்பு தாங்கலீங்க சார். மூச்சு வாங்குது, நாலு எட்டு நடக்க முடியல. பெரிய ஆபீஸுக்கு நல்லா எழுதுங்க."

பதினோரு பேர் அதே சொல்லைச் சொன்னார்கள். பதினோரு இடத்திலும் நான் களைப்பு என்று பொருள்படும் இங்கிலீஷ் சொல்லைப் போட்டேன். அகராதியில் இளைப்புக்கு அந்தப் பொருளும் இருக்கிறது. மேனேஜர் உத்திராபதி சொல்லித்தான் செய்தேன் என்றால் எனக்கு வசதி. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கிளைக்குக் கெட்ட பெயர் வந்தால் என் கடிதத்தை யார் மெச்சுவார்கள் என்று நானாக நினைத்தேன். இதைச் சொல்ல நாக்கூசுகிறது.

தலைமை ஆபீஸ் அக்கறையாகத்தான் பதில் போட்டது. தொழிலாளர் இளைப்பாற நாலு பெஞ்சு போடச் சொன்னார்கள். போட்டோம்.

"எழுதுனீங்களா சார்?" என்று இருசம்மாள் கேட்டாள்.

எழுதினேன் என்றேன். என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

எண்பத்திரண்டு பங்குனியில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே அவள் போய்விட்டாள். பதினோரு பேரில் இப்போது நாலு பேர் இருக்கிறார்கள்.

அகராதி பற்றிச் சொன்னேனே, அதை உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதிக்கொள்ள வேண்டாம். அந்தப் படிவம் போன அதே உறையில் இன்னொரு தாளும் போனது. என் மனைவி கலியம்மாளுக்கும் இளைப்பு. நல்ல மருந்தாக அனுப்பும்படி தலைமை ஆபீஸ் டாக்டரைக் கேட்டிருந்தேன். அதில் ஆஸ்துமா என்று, எழுத்துப் பிழை இல்லாமல் டைப் அடித்திருந்தேன்.