ஓரத்துச் சிப்பாய்

கெடு முடிய மூன்று மணி நேரம் இருந்தது. இரவு ஒன்பது. திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே, பனைமரங்களுக்கு நடுவே ஆளில்லாத வண்டித்தடம்... அதில் லாந்தரோடு தனியாக நடந்தவர் என் தோழி சௌந்திரத்தின் பெரியப்பா, சின்னுசாமி. முப்பத்தெட்டாம் வருஷம். இன்னும் நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன்.

பக்கத்துக் காட்டு வேலுமணிக்கும் அவருக்கும் பொதுவில் ஒரே கிணறு. யாருக்கு என்று தீராத வழக்கு. சதுரங்கத்தில் தீர்த்துக்கொள்வோம் என்றார்கள். மூன்று ஆட்டம். ஆளுக்கொன்று ஜெயித்தாயிற்று. கடைசி ஆட்டத்தை அன்று நள்ளிரவுக்குள் ஆடாதவன் தோற்றவன்.

வேலுமணி வீட்டில் பலகை விரித்திருந்தது. ஆளைக் காணோம். எங்கும் சாம்பிராணிப் புகை. நாய் மட்டும் வாசலுக்கு வெளியே படுத்திருந்தது. உள்ளே வர மறுத்தது.

அவன் மனைவி வசந்தாமணி உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“அவருக்குக் காய்ச்சலுங்கண்ணா. படுத்துட்டே சொல்லுவாருங்க. நானு நவுத்துறேன்.”

“படுத்துட்டே கெணத்தப் புடிக்கப் பாக்கறானா, அம்மிணி?” சின்னுசாமி சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய் வந்தாள். இடது ஓரம், குதிரைக்கு முன் நின்ற சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினாள்.

வேலுமணி எப்போதும் நடுச் சிப்பாயைத்தான் முதலில் ஏற்றுவான். காய்ச்சல் தலைக்கேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, சின்னுசாமி நடுக்கட்டங்களைத் தானே பிடித்தார். கிணறு கைக்கு வந்த மாதிரிதான்.

அப்போது உள்ளே இருமல். இரண்டு தடவை. வறண்டு, இழுத்து... வேலுமணியின் இருமல்தான்.

வசந்தாமணி திடுக்கிட்டுக் கதவைப் பார்த்தாள். போனாள். வர வெகுநேரம் ஆயிற்று. வந்தபோது முகத்தில் ரத்தமில்லை. சிப்பாய் காலி செய்த கட்டத்தில் மந்திரியை வைத்தாள்.

பிறகு ஒவ்வொரு முறையும் அப்படியே. இருமல்... கதவு... காய். மூலைவாக்கில் பாய்ந்த அந்த மந்திரி, நடுவில் நின்றவற்றை ஒவ்வொன்றாக அறுத்தது. சாம்பிராணிக்கு அடியில் வேறொரு வாடை எழுந்தது.

பதினொன்றரைக்கு அவர் ராஜாவுக்குப் போக இடமில்லை. அந்தக் காயைப் படுக்க வைத்துத் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

“கெணறு உங்களுதுதான். அவனப் பாத்துட்டுப் போறேன்” என்று எழுந்தார்.

அவள் கதவை மறித்து நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் மறுபடி இருமல்.

“போகாதீங்கண்ணா... மத்தியானமே அவரு உசுரு போயிருச்சுங்க. கெணறு போயிருமேன்னுதான் வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். எனக்கு ஆடத் தெரியாதுங்க. அந்த ஓரத்துச் சிப்பாய் மட்டுந்தான் நானு நவுத்துனது.”