ஒன்றுமில்லை என்று சொன்னேன்

காப்பியைக் குடியுங்கள் அத்தான், ஆறிவிடும். நானே போட்டதுதான். உங்கள் தங்கை குழல்வாய்மொழி போனபிறகு எல்லாம் பழகிவிட்டது.

நீங்கள் எதற்காகக் குற்றாலத்திலிருந்து கடையை அடைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். அந்த மெட்ராஸ் டாக்டர் இந்தச் சாரலுக்கும் வந்திருக்கிறார். உங்கள் கடையில் எண்ணெய் வாங்கும்போது, போன வருஷம் ஐந்தருவியில் மயங்கி விழுந்த தென்காசி வாத்தியார் சம்சாரம் எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருக்கிறார். கேட்கக்கூடிய மனுஷர்தான்.

அவளுக்கு அது ஐம்பத்தொன்பதாம் வருஷமே ஆரம்பித்துவிட்டது. குடத்தை இடுப்பில் வைத்தபடி நடுவழியில் நிற்பாள். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். பேசிக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டு, என்ன சொல்ல வந்தேன் என்று கேட்பாள். ஒருநாள் அடுப்படியில் முகம் வெளுத்துச் சரிந்தாள். நான் போய்ப் பார்ப்பதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். சோம்பலுக்கு மயக்கம் என்று பேர் வைத்திருக்கிறாள் என்றாள் என் அம்மா. வைத்தியர் சோகை என்று லேகியம் கொடுத்தார். பிள்ளையில்லாத ஏக்கம் என்றது தெரு. மனசுதான் காரணம் என்று நான் சொன்னேன். நான் படித்தவன், பள்ளிக்கூடத்தில் உடற்கூறு நடத்துகிறவன் என்பதால் மற்றவர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள்.

ஐந்தருவியில் பெண்கள் வரிசையில் அவள் விழுந்தபோது அந்த டாக்டர் பக்கத்தில் இருந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வெகுநேரம் நாடி பிடித்தார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

“நாடி நாற்பதைக்கூடத் தொடல சார். இதயம் நின்னு நின்னு அடிக்குது. களைப்பு, மறதி, மயக்கம் எல்லாம் அதுலதான். இதையே ஒரு ஆம்பளை சொல்லியிருந்தா எப்பவோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பாங்க. தாமதிக்காம வேலூருக்குக் கூட்டிட்டுப் போங்க, மருந்து இருக்கு. அதுவரைக்கும் அடுப்புகிட்டயும் தண்ணிகிட்டயும் தனியா விடாதீங்க.”

நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். திரும்பும் பஸ்ஸில் அவள், “டாக்டர் என்ன சொன்னாவ?” என்று கேட்டாள்.

உடம்பில் ஒன்றுமில்லை, மனசுதான் என்று டாக்டரும் சொல்லிவிட்டார் என்றேன்.

அவள் ஈரத்தலையோடு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். இலஞ்சி தாண்டியபிறகு மெதுவாகச் சொன்னாள்: “அப்ப நாந்தான் நடிச்சிருக்கேன் போல. எனக்கே தெரியாம.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்கிறீர்கள். இரண்டு வருஷம் ஒன்றைச் சொல்லிவிட்டு, அம்மா முன்னாலும் உங்கள் முன்னாலும் தப்பு என்று வந்து நிற்பது எளிதல்ல. ஒரு வாரம் கழித்துச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த வாரத்திலேயே வீடே வேறாக மாறிவிட்டது. எல்லாருக்கும் முன்னால் எழுந்தாள். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாள். தலை சுற்றினால் சுவரைப் பிடித்துக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தாள். எங்கள் வீட்டில் அவ்வளவு அமைதி அதற்கு முன் இருந்ததில்லை. கொலுவுக்கு வந்தபோது தங்கச்சி தெளிந்துவிட்டாள் என்று நீங்களே சந்தோஷப்பட்டீர்கள். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கார்த்திகையில் சிற்றாற்றில் நல்ல வரத்து. அன்று காலை புறவாசலில் துணிக்கூடையோடு விழுந்தாள். எழுந்து, சிதறிய துணிகளைப் பொறுக்கிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“எனக்கு ஒண்ணுமில்லல்லா?”

“ஒண்ணுமில்ல. போயிட்டு வா” என்றேன்.

அவளை எடுத்த படியில் முழங்கால் அளவு தண்ணீர்தான். படித்துறையில் பாசி வழுக்கிவிட்டது என்று ஊர் சொன்னது. நானும் அதையே சொன்னேன். வழுக்கவில்லை அத்தான். நின்ற இடத்திலேயே சாய்ந்திருப்பாள். அது எந்த நேரமும் வரலாம் என்று தெரிந்துதான் அனுப்பினேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தருவியிலிருந்து வந்த பிறகு, லீவு நாட்களில் அவள் மத்தியானம் கண்ணயரும்போது பக்கத்தில் உட்கார்ந்து நாடி பார்ப்பேன். நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. சில சமயம் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் ஒன்றுமே இருக்காது. விரலை எடுக்காமல் காத்திருப்பேன். திரும்ப வரும். அவள் முழித்துவிடாதபடி கையை மெல்லக் கீழே வைப்பேன்.

அவளை நான் கவனிக்கவில்லை என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். இந்த ஊரில் எந்தப் புருஷன் பெண்டாட்டியை இவ்வளவு கவனித்தான்?