மரம் இன்னும் காயலை

மனைவி: …இதையேதானேண்ணே போன மாசமும் சொன்னீங்க? மரம் காயலை, மரம் காயலைன்னு. அதுக்கு முன்னாடி இரும்பு வரலை. அதுக்கும் முன்னாடி கரி நனைஞ்சுபோச்சு. காய் நறுக்கற கத்தி ஒண்ணு கேட்டோம். கப்பலா கட்டச் சொன்னோம்?

பட்டறைக்காரர்: கைப்பிடிக்குப் போடற மரம், தங்கச்சி. ஈரத்தோட போட்டா அப்புறம் சுருங்கிடும். மாஸ்டர் கையில ஆடிச்சுன்னா…

மனைவி: எங்க வீட்டுல உங்களுக்கு ‘அடுத்த வாரம்’னே பேரு வெச்சாச்சு. ‘அடுத்த வாரத்தைப் போய்ப் பார்த்துட்டு வரலாமா’ன்னுதான் இவரைக் கேட்டுக் கூட்டிட்டு வர்றேன்.

மாஸ்டர்: விடேன். செய்யறவருக்குத் தெரியாதா…

மனைவி: நீங்க சும்மா இருங்க! வாயில்லாப் பூச்சியா நின்னா இப்படித்தான் ஏய்ப்பாங்க. ஓட்டல் முதலாளி உங்ககிட்ட என்ன சொன்னாரு?

மாஸ்டர்: கத்தி வந்ததும் வாங்கன்னாரு.

மனைவி: ஓட்டல் கத்தி வழுக்குது, வழுக்குதுன்னு ரெண்டு தடவை விரலை வெட்டிக்கிட்டீங்க. ‘என் கைக்கு அளவெடுத்து ஒரு கத்தி செஞ்சுட்டா எல்லாம் சரியாயிடும்’னு சொன்னது யாரு?

மாஸ்டர்: நான்தான்.

மனைவி: அப்புறம்? பேசாம கடைத்தெருவுல வேற ஒண்ணு பார்த்து…

மாஸ்டர்: வேண்டாம்!

மனைவி: ஏன் இப்படிப் பதறறீங்க?

மாஸ்டர்: பதறலை… இதுதான் எனக்கு வேணும். காத்திருப்போம்.

மனைவி: கேட்டீங்களாண்ணே? கட்டின பொண்டாட்டியைக்கூட இவ்வளவு நம்பினதில்லை இந்த மனுஷன்.

பட்டறைக்காரர்: மாஸ்டர், இந்தக் களிமண்ணைக் கொஞ்சம் பிடிச்சுக் குடுங்க. கத்தியைப் பிடிக்கற மாதிரியே. போன தடவை குடுத்தது காயறப்போ வெடிச்சுடுச்சு.

மனைவி: மறுபடியுமா? வர்றப்பல்லாம் கையில மண்ணைக் குடுக்கறீங்க. கத்தியை என்னிக்குக் குடுப்பீங்க?

பட்டறைக்காரர்: அளவுக்குத்தான் தங்கச்சி… அழுத்திப் பிடிங்க மாஸ்டர்.

மாஸ்டர்: பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

பட்டறைக்காரர்: இன்னும் கொஞ்சம்…

மாஸ்டர்: அவ்வளவுதாங்க.

பட்டறைக்காரர்: …சரி. இப்படி வெச்சுடுங்க.

மனைவி: இந்தப் புகை கண்ணைக் கரிக்குது. நான் வாசல்ல நிக்கறேன். வர்றப்போ தேதியோட வாங்க. ‘பார்க்கலாம்னு சொன்னாரு’ன்னு வந்து நின்னீங்க, நடக்கறதே வேற.

மாஸ்டர்: …பட்டாசு. வெடிச்சதும் அடங்கிடுவா. மனசுல வெச்சுக்காதீங்க.

பட்டறைக்காரர்: போயிட்டாங்களா?

மாஸ்டர்: வெளிய நிக்கறா. ஏன்?

பட்டறைக்காரர்: அந்தப் பலகை மேல பாருங்க.

மாஸ்டர்: களிமண்ணு…

பட்டறைக்காரர்: அத்தனையும் நீங்க பிடிச்சுக் குடுத்தது. ஒண்ணுகூட வெடிக்கலை.

மாஸ்டர்: அப்போ எதுக்கு என்னைத் திரும்பத் திரும்ப…

பட்டறைக்காரர்: முதல் தடவை குடுத்ததுல எல்லா விரலும் ஆழமா பதிஞ்சிருக்கு. அதுக்குக் கைப்பிடி போட்டேன். அடுத்ததுல சுண்டு விரல் பதியவே இல்லை. மறுபடி செதுக்கினேன். அப்புறம் மோதிர விரலும் இல்லை. இன்னிக்கு… நான் குடுத்த உருண்டை அப்படியே உருண்டையா இருக்கு, மாஸ்டர்.

மாஸ்டர்: மெதுவா பேசுங்க, அவ காதுல விழுந்துடப்போகுது.

பட்டறைக்காரர்: அவங்க என்னை அண்ணேங்கறாங்க. அப்போ நீங்க எனக்கு மாப்பிள்ளை முறை. உண்மையைச் சொல்லுங்க. டாக்டரைப் பார்த்தீங்களா?

மாஸ்டர்: பார்த்தேன், மச்சான்.

பட்டறைக்காரர்: என்னவாம்?

மாஸ்டர்: நரம்பாம். முதல்ல இந்தக் கை. அப்புறம் அந்தக் கை. அதுக்கப்புறம்னு என்னமோ சொல்ல ஆரம்பிச்சாரு… நான் பாதியில எழுந்து வந்துட்டேன்.

பட்டறைக்காரர்: மருந்து இருக்குமே?

மாஸ்டர்: மெதுவாக்கலாமாம். நிறுத்த முடியாதாம்.

பட்டறைக்காரர்: தங்கச்சிக்கு…

மாஸ்டர்: தெரியாது. பாத்திரம் தூக்கினதுல சுளுக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன். அவளும் நம்பிட்டா. தினமும் சட்டைப் பட்டனை அவளே போட்டு விடறா. கேட்டா ‘புது மாப்பிள்ளைக்கு உபசாரம்’னு கிண்டல் வேற. பைத்தியக்காரி…

பட்டறைக்காரர்: இந்தாங்க.

மாஸ்டர்: இது… என் கத்தியா?

பட்டறைக்காரர்: என்னிக்கோ முடிஞ்சுபோச்சு.

மாஸ்டர்: ஐயோ, என்ன அழகு! முனை வரைக்கும் எப்படி ஒரே சீரா இறங்குது பாருங்க…

பட்டறைக்காரர்: கையில எடுத்துப் பாருங்க.

மாஸ்டர்: வேண்டாம்.

பட்டறைக்காரர்: சும்மா ஒரு தடவை…

மாஸ்டர்: விழுந்துடும்யா! …விழுந்துடும். மூட்டை மூட்டையா வெங்காயம் நறுக்கின கை இது. பின்னாடி நிக்கறவன்கிட்டக் கதை பேசிக்கிட்டே நறுக்குவேன். இன்னிக்குக் காலையில பல் தேய்க்கற பிரஷ் நழுவுது. எனக்குப் பயமா இருக்கு, மச்சான்.

பட்டறைக்காரர்: உக்காருங்க. முதல்ல உக்காருங்க.

மாஸ்டர்: அதைத் துணியில சுத்தி வைங்க, அவ பார்த்துடப்போறா. இதைக் கொண்டுபோனா நாளைக்கே வேலைக்குப் போய் நிக்கணும். அத்தனை பேரும் என் கையையே பார்ப்பாங்க. கத்தி வராத வரைக்கும் நான் லீவுல இருக்கற மாஸ்டர். வந்துட்டா… நான் யாரு?

பட்டறைக்காரர்: எத்தனை நாளைக்கு இப்படி…

மாஸ்டர்: தெரியலை. மரம் காயலைன்னே சொல்லுங்க. கெட்ட பேரு உங்களுக்குத்தான் வருது, தெரியுது…

பட்டறைக்காரர்: எனக்கென்ன? எனக்குத்தான் ஏற்கெனவே பேரு வெச்சாச்சே.

மனைவி: என்ன, ரெண்டு பேரும் குசுகுசுன்னு? தேதி குடுத்தாரா?

பட்டறைக்காரர்: மரம்… இன்னும் காயலை, தங்கச்சி.

மனைவி: ரொம்ப நல்லா இருக்கு! உலையில போட்டாவது காய வைங்க! என்னங்க, நீங்க போய் தெருமுனையில ஆட்டோ பாருங்க. நான் இவரை நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்.

மாஸ்டர்: விடும்மா, பாவம்…

மனைவி: போங்கன்னா போங்க!

பட்டறைக்காரர்: கோவிச்சுக்காதீங்க தங்கச்சி, அடுத்த வாரம் நிச்சயமா…

மனைவி: அவரு தூரமா போயிட்டாராண்ணே?

பட்டறைக்காரர்: …ம். முனைக்கே போயிட்டாரு.

மனைவி: அந்தக் கத்தியைச் சரியா மூடி வைங்க. துணிக்கு வெளிய பாதி தெரியுது.

பட்டறைக்காரர்: தங்கச்சி… உங்களுக்கு…

மனைவி: ஓட்டல்ல வேற மாஸ்டரைப் போட்டு ரொம்ப நாளாச்சு. முதலாளி எனக்குத்தான் போன் பண்ணிச் சொன்னாரு. டாக்டரையும் போய்ப் பார்த்தேன். இவரு பாதியில எழுந்து வந்தாராமே… மீதியை நான் உக்கார்ந்து கேட்டேன்.

பட்டறைக்காரர்: எல்லாம் தெரிஞ்சுமா வாராவாரம் வந்து என்னை இந்தத் திட்டு திட்டறீங்க?

மனைவி: நான் திட்டறதை நிறுத்தினா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவரு கண்டுபிடிச்சுடுவாருண்ணே. அடுத்த வாரமும் வர்றோம்… மரம் காயலைன்னே சொல்லுங்க.