கட்டாத மல்லி

"ஹலோ... பங்காரம்மா பெரிம்மா? நான் பூபாலன் பேசுறேன்... ஆங்... கே.ஜி.கண்டிகை பூபாலன்தான்... கேக்குதா?... இல்ல, சத்தமா பேச முடியாது பெரிம்மா. உள்ள தூங்கறாங்க."

யாரும் தூங்கவில்லை. வெயில் ஏறி மணி பத்தாகியிருந்தது. உள்ளே பிரியங்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். அவள் அம்மா கமலா ஈரத்துணியும் கையுமாக மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பூபாலன் போனை எடுத்துக்கொண்டு புறக்கடைக்கு வந்து முருங்கை மரத்தடியில் நின்றான். ஒரு வாரம் விடாமல் கீரை ஒடித்து ஒடித்து, கைக்கெட்டும் கிளையெல்லாம் மொட்டையாகிவிட்ட மரம் அது.

பூபாலன் மெதுவாகப் பேசுகிற ஆள் இல்லை. ஆர்.கே.பேட்டையில் பதினெட்டு வருஷமாகப் பவர்லூம் ஓட்டுகிறவன். தறி போடுகிற கூச்சலுக்கு மேலே கத்திக் கத்தித் தடித்துப் போன தொண்டை. அவன் போன் பேசினால் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் எல்லாம் தெரிந்துவிடும். இன்றைக்கு அந்தத் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. அந்தப் பக்கமோ திருத்தணி மலையடிவாரம், நாளைக்கு ஆடிக் கிருத்திகை. பம்பைச் சத்தமும் பஸ் ஹாரனும் போனைப் பிய்த்துக்கொண்டு வந்தன.

"ஆங்... ஆங்... நல்லா இருக்கறா... ஆங், சாப்புடறா... பாலா?"

அவன் மரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"வருது பெரிம்மா. நல்லாவே வருது."

அது மட்டும் பொய் இல்லை. பங்காரம்மா பூக்காரிதான், ஆனால் பாதி வைத்தியக்காரி. யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் பூவுக்கு முன்னால் அவள் அனுப்புகிற இலை வந்து சேரும். பிரியங்காவுக்குப் பிள்ளை பிறந்த மறுநாளே ஒரு ஷேர் ஆட்டோக்காரனிடம் அம்மான் பச்சரிசிச் செடியைக் கட்டுக் கட்டாகக் கொடுத்தனுப்பியிருந்தாள். பறித்தால் பால் வடிகிற செடி. அதை அரைத்துப் பசும்பாலில் கலக்கிக் கொடுத்தால் தாய்க்குப் பால் ஊறும். கூடவே முருங்கைக்கீரையும் பூண்டும் ஒரு வேளை தவறக்கூடாது என்று உத்தரவு. தவறவில்லை. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பிள்ளைக்கு உறிஞ்சத் தெம்பில்லை. பீச்சி எடுத்த பாலைச் சங்கில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நாளுக்கு நாள் பால் பெருகியது. முந்தாநாள் மத்தியானம் பிள்ளை போய்விட்டது. பாலுக்கு அது எப்படித் தெரியும்? அது பாட்டுக்கு ஊறிக்கொண்டிருந்தது.

"அதான் பெரிம்மா, அந்தப் பூ விஷயமாத்தான்... இல்ல இல்ல, நாளைக்கி வாணாம். இன்னிக்கே வேணும்... இப்பவே. நானே வண்டி எடுத்துகினு வரேன்... தெரியும் பெரிம்மா, கிருத்திகைதான் நாளைக்கி..."

நாலு கடைக்குப் போன் போட்டுவிட்டுத்தான் இவளைக் கூப்பிட்டான். ஒரு கடையிலும் மல்லி இல்லை. வந்த பூவெல்லாம் காவடிக்குப் போய்விட்டது. ஊரிலேயே அவன் பேருக்கென்று எடுத்து வைத்த மல்லி பங்காரம்மாவிடம் மட்டும்தான் இருந்தது. பிள்ளை பிறந்த அன்றைக்கே அவன் சொல்லி வைத்த பூ. பன்னிரண்டாம் நாள் தொட்டில் போட்டுப் பேர் வைப்பதாக இருந்தார்கள். பன்னிரண்டாம் நாள் கிருத்திகையிலேயே வந்து விழுந்ததில் வீட்டில் அத்தனை பேருக்கும் தலைகால் புரியவில்லை.

பிள்ளை போனதும் பந்தல்காரனுக்குச் சொன்னான். சமையல்காரருக்குச் சொன்னான். தறி முதலாளிக்குச் சொன்னான். பங்காரம்மாவுக்கு மட்டும் சொல்லவில்லை. கேட்டால் மறந்துபோச்சு என்பான். மறக்கவில்லை. மூன்று தடவை போனை எடுத்து, நம்பரைப் பார்த்து, மறுபடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

காரணம் இருந்தது. அவன் அம்மா சுலோச்சனாவும் பங்காரம்மாவும் மலைப்படிக்குப் பக்கத்தில் ஒரே கோணியில் உட்கார்ந்து இருபது வருஷம் பூ விற்றவர்கள். அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. பெண் குழந்தை என்று கேள்விப்பட்டதும் பங்காரம்மா, சுலோச்சனாதான் திரும்பி வந்திருக்கிறாள் என்று பூக்கடை வரிசை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாளாம். அப்படிப்பட்டவளிடம் போய் எந்த வாயால் சொல்வது?

"கட்டிட்டியா?... எத்தினி மொழம்?... எட்டா. சரி, அதோட நிறுத்திக்கோ பெரிம்மா. மிச்சத்தக் கட்ட வாணாம். உதிரியாவே குடு... ஆங், உதிரி... தெரியும் பெரிம்மா, தொட்டில்ல உதிரி நிக்காது... எனக்குத் தெரியாதா, நான் பூக்காரி புள்ளதானே... சொல்றத கேளேன்..."

பங்காரம்மா பேச ஆரம்பித்தால் எதிராளி மூச்சு விடத்தான் இடம் கிடைக்கும். பூபாலன் ஆங், ஆங் என்று நின்றான். காலடியில் ஈரமாக இருந்தது. கமலா விடிந்ததிலிருந்து மகளுக்குக் கட்டிய பாலைப் பீச்சிப் பீச்சி, மிதிபடக் கூடாது என்று மரத்தடியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவன் சட்டென்று காலைத் தள்ளி வைத்தான்.

"இன்னாது?... வசம்பு வளையலா?... நீயே கோத்தியா... ஏன் பெரிம்மா, இவ்ளோ வேலைக்கு நடுவுல... இல்ல, கடையில வாங்கல... வாணாம்... வாணாம் பெரிம்மா, அது வாணாம்..."

வசம்பைச் சுட்டு, துண்டாக்கி, கறுப்புக் கயிற்றில் கோத்துப் பிள்ளையின் கையில் கட்டுவார்கள். பிள்ளை கையை வாயில் வைத்துச் சப்பும்போது அந்தக் காரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும், வயிறு உப்பாது. பூபாலனுக்கும் அம்மா கட்டியிருக்கிறாள். இத்தனூண்டு மணிக்கட்டுக்கு அளவு பார்த்து பங்காரம்மா கோத்து வைத்திருக்கிறாள் என்றதும் அவனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"கட்றதுக்குக் கொழந்த இல்ல பெரிம்மா."

பம்பை அடித்துக்கொண்டிருந்தது. யாரோ அரோகரா போட்டார்கள். அவன் காத்துக்கொண்டு நின்றான்.

"...முந்தாநேத்து மத்தியானம்... ஆங்... மூச்சுதான். பொறந்ததுலேருந்தே மூச்சு சரியில்ல... பெட்டியிலதான் வெச்சினு இருந்தாங்க... இல்ல பெரிம்மா, யாரு மேலயும் தப்பில்ல. நல்லாத்தான் பாத்தாங்க... ஆங்... ஒம்போது நாளு... சொல்லணும்னுதான் இருந்தேன். திட்டு, பரவால்ல... திட்டு பெரிம்மா."

அவள் திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். திட்டவில்லை போலிருக்கிறது, அவன் தோளால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேட்க வந்ததைக் கேட்டான்.

"இவளுக்குப் பால் கட்டிக்கிச்சி பெரிம்மா... ஆங்... கல்லு மாதிரி ஆயிடுச்சி. நேத்து சாயங்காலத்துலேருந்து ஜொரம்... ஆஸ்பத்திரில மாத்திர குடுத்தாங்க. இன்னிக்கிக்குள்ள எறங்கலன்னா வரச் சொல்லிக்கிறாங்க... அத்தைதான் மல்லி வேணும்னு சொல்லுச்சி... ஆங், கட்டாத மல்லி, துணியில வெச்சி... ஆங்... ரெண்டு பக்கமும்... வாடுனா மாத்தணும்... ஆங்."

இதையெல்லாம் ஆம்பிளையிடம் சொல்கிற வழக்கம் இல்லை. கமலா காலையில் வேறு ஆள் இல்லாமல், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் மருமகனிடம் சொன்னாள். மல்லியை வைத்துக் கட்டினால் பால் தானாக வற்றும், நோவு இறங்கும், தன் அம்மாவுக்கும் மணவூரில் அப்படித்தான் கட்டினார்கள் என்று. பூபாலன் உடனே கிளம்பத்தான் பார்த்தான். ஆனால் படுத்திருந்த பிரியங்கா, இரண்டு நாளாக வாயே திறக்காதவள், சுவரைப் பார்த்தபடியே ஒன்று சொன்னாள்.

அதை அவன் இப்போது போனில் திருப்பிச் சொன்னான்.

"அவ ஒத்துக்க மாட்டேங்கறா பெரிம்மா... 'கொழந்தைக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான், இதையும் நிறுத்திட்டா எனக்கு இன்னா இருக்குது'ன்னு கேக்கறா... நான் இன்னா சொல்லுவேன்?... அதுக்கப்புறம் அத்தைய தொடவே வுட மாட்டேங்கறா... இன்னாது? அவகிட்டயா?... பேச மாட்டா பெரிம்மா. எங்கிட்டயே பேசல... சரி... ஆங். இரு, குடுக்கறேன்."

உள்ளே போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தான். பிரியங்கா திரும்பவில்லை. அவளைத் தொட்டால் சுட்டது. போனை அவள் காதில் வைத்து அவனே பிடித்துக்கொண்டான். பங்காரம்மா என்ன பேசினாள் என்று அவனுக்குக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் பிரியங்கா சொன்னதுதான்.

"ம்" என்றாள்.

"...ஆங்... நோவுது பெரிம்மா... வலது பக்கம்தான் ரொம்ப... ஆங்... முருங்க மரத்தாண்ட ஊத்துது எங்கம்மா... தெரியும்... ஆங்... தெரியும் பெரிம்மா, ஆனா..."

கமலா துணியைப் பிழிவதை நிறுத்திவிட்டு மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேரா?"

பிரியங்கா புரண்டு படுத்தாள். இரண்டு நாளில் முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

பேர் விஷயத்தில் ஏழாம் மாசத்திலேயே அந்த வீட்டில் ஒரு சண்டை நடந்து முடிந்திருந்தது. பெண் பிறந்தால் அம்மா பேர்தான் என்று பூபாலன் ஒற்றைக்காலில் நின்றான். சுலோச்சனாவா, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பாட்டிப் பேர் என்று கிண்டல் பண்ணும் என்று பிரியங்கா சிரித்துவிட்டாள். அவன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். கடைசியில், பேரை நான்தான் வைப்பேன், தொட்டில் போடுகிற அன்றைக்குக் காதில் சொல்லும்போது எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள் என்று அவள் சொல்லிவிட்டாள். அவனும் விட்டுவிட்டான். பேர் வைக்கிற நாளுக்கு முன்னால் பிள்ளை போனதால் ஆஸ்பத்திரிச் சீட்டில் பிரியங்காவின் குழந்தை என்றுதான் எழுதியிருந்தது. பிள்ளைக்கு என்ன பேர் என்று இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை. செத்த பிள்ளைக்குப் பேர் எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ, அவனுக்கே கேட்கத் தோன்றவில்லை.

"...நாளைக்குத்தான் வெக்கறதா இருந்துச்சி... நான் யாருக்கும் சொல்லல... இல்ல பெரிம்மா, அவருக்கும் தெரியாது... ஆங்... மனசுல வெச்சினுதான் இருந்தேன்..."

அவள் கண் அவனை விட்டு நகரவில்லை.

"சுலோச்சனா."

பிரியங்கா தன் கையைத் தூக்கி, போனைப் பிடித்திருந்த அவன் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா... எங்க அத்தை பேருதான்... இப்பவா?... மூணு வாட்டியா?... ஆங்."

கண்ணை மூடிக்கொண்டாள். தொட்டிலண்டை குனிந்து பிள்ளையின் காதில் சொல்ல வேண்டியதைப் போனில் சொன்னாள்.

"சுலோச்சனா... சுலோச்சனா... சுலோச்சனா."

மூன்றாவதைச் சொல்லி முடித்ததும் அழ ஆரம்பித்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட அழாதவள். கமலா வந்து மகள் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். இந்தத் தடவை பிரியங்கா தள்ளவில்லை.

"...ஆங்... சரி பெரிம்மா... பூவக் குடுத்தனுப்பு."

பூபாலன் போனைத் தன் காதுக்குக் கொண்டு வந்தான். புறக்கடைக்குப் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து பேசினான்.

"பெரிம்மா... அழாத... எனக்கும் இப்பத்தான் தெரியும். சத்தியமா தெரியாது பெரிம்மா... ஆங்... ஆங், கெளம்பிட்டேன்... உதிரிய ஈரத்துணியில சுத்தி வெய்யி... ஆங், சாயங்காலத்துக்கும் சேத்துதான்... ஜொரம் எறங்கலன்னா ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயிடறேன், நீ கவலப்படாத... வசம்பையா?... சரி, குடு..."

அந்தப் பக்கம் மறுபடி பம்பை வந்துவிட்டது. அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, தறிக்கூடத்தில் கத்துகிற மாதிரி சத்தம் போட்டான்.

"கேக்குதா?... இன்னாது, கட்டின எட்டு மொழமா?... யாருக்கும் வித்துடாத பெரிம்மா. காவடிக்குக் கேட்டாக்கூட குடுக்காத... இல்ல, இவளுக்கு இல்ல, இவளுக்கு உதிரி போதும்... அத நான் வேற எடத்துக்கு எடுத்துனு போணும்... கொழந்தைய ஏரிக்கரையில வெச்சிருக்கறோம் பெரிம்மா... ஆங். அது சுலோச்சனாவுக்கு."

லைன் எப்போது கட்டானது என்று தெரியவில்லை. அவன் வண்டிச் சாவியை எடுத்தான்.