கரண்ட் இல்லாத ஊரில் ஓர் இரைச்சல்

திரியை இன்னும் கொஞ்சம் இறக்கு... போதும். இது நம் ஆனந்தனின் மாமாவுக்கு நடந்தது. ஆனந்தனே இதோ உட்கார்ந்திருக்கிறான். நான் கூட்டிச் சொன்னால் அவனே என் வாயை அடைக்கட்டும்.

போன வருஷம் சுதந்திரம் வந்ததே, அதற்கப்புறம் ஐப்பசி. மணி ஏழு இருக்கும். திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டைக்குப் போகிற சாலை. ஊர் எல்லையோடு கரண்ட் கம்பங்கள் முடிந்துவிடும். அப்புறம் இரண்டு பக்கமும் கரும்பு... இருட்டு. பிரபுதாஸ் மாமா சைக்கிளில் தனியாக வந்துகொண்டிருந்தார். கைப்பிடியில் தொங்கிய பைக்குள் ஒரு பிக்கப். எலக்ட்ரிக் கிதாரில் கம்பிகளுக்கு அடியில் ஒரு காந்தச் சுருள் இருக்கும், அதுதான். கம்பியின் அதிர்வைச் சத்தம் பெருக்குகிற பெட்டிக்குக் கொண்டுபோவது அதன் வேலை.

கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் பாட்டரி மைக் செட் வாடகைக்கு விடுவது மாமாவின் பிழைப்பு. கிதார் என்றால் அவருக்கு உயிர். ஆனால் அன்றைக்கு அவர் அலைந்தது தனக்காக இல்லை. அவர் மனைவி தேவசுந்தரி ஆடி மாசம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அதிலிருந்து அஞ்சு வயசு மகள் ஜெபகுமாரிக்குத் தூக்கமே இல்லை. கிதார் கேட்டால்தான் கண் சொருகும். அந்த நேரம் பார்த்துப் பழைய பிக்கப் செத்துவிட்டது. பிள்ளை நாளுக்கு நாள் இளைத்தாள். அவளையும் பறிகொடுத்துவிட்டால் மனிதருக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அன்றைக்குப் பகலில் அரக்கோணம் ரயில்வே காலனியில், சீமைக்குக் கப்பலேறக் காத்திருந்த ஓர் ஆங்கிலோ இந்தியர் இரண்டு பிக்கப்புகளை எடுத்து வைத்தார். ஒன்றுக்குத் தகர மூடி. இரைச்சல் குறைவு, ஆனால் ஜலதோஷம் பிடித்த குரல். இன்னொன்று மூடியில்லாத கறுப்புச் சுருள். அதைத் தன் கிதாரில் பொருத்தி அவர் ஒரு கம்பியைத் தட்டியதும் மாமாவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அப்படி ஒரு தெளிவு. கூடவே... ம்ம்ம்ம்... என்று ஓர் இரைச்சல்.

ஒற்றைச் சுருளுக்கு அது பிறவிக் குணம் என்றார் அந்த மனிதர். கரண்ட் ஓடுகிற பக்கம் திரும்பினால் ஏறும், விலகினால் இறங்கும், கம்பிமேல் உள்ளங்கையை வைத்தால் அடங்கும். திரும்பித் திரும்பிக் காட்டவும் செய்தார். மூடி போட்டதையே எடுத்துக்கொள், கறுப்பு யாரிடமிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது என்றும் சொன்னார். மாமா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"எங்க ஊருல கரண்ட்டே கிடையாதுங்க. இரைச்சல் எங்கேர்ந்து வரப்போவுது?" என்று சிரித்தாராம்.

வீட்டுக்கு வந்ததும் கறுப்புச் சுருளைப் பொருத்தினார். பாட்டரியை மாட்டினார். பெட்டி சூடேறி, தூசி கருகுகிற வாசனை வந்தது. அப்புறம்... ம்ம்ம்ம்...

மாமா பாட்டரியை மாற்றிப் பார்த்தார், ஒயரை மாற்றிப் பார்த்தார். கடைசியில் கிதாரோடு மெல்லச் சுற்றினார். ஏரிக்கரைப் பக்கம் திரும்பியபோது இரைச்சல் ஏறியது. அங்கே தண்ணீரையும் கோரையையும் தவிர ஒன்றும் கிடையாது. ஆனால் வாசித்து முடிப்பதற்குள் பிள்ளை தூங்கிவிட்டாள். அந்த ஒரு சந்தோஷத்தில் மற்றதை எல்லாம் விழுங்கிக்கொண்டார்.

மறுநாள் இரைச்சல் ஏரிக்கரையில் இல்லை. சாலைத் திருப்பத்துப் புளியமரத்தின் பக்கம் ஏறியது. அதற்கடுத்த நாள் கொல்லைக் கிணற்றின் பக்கம்... மாமாவுக்குப் புரிந்துவிட்டது. எதுவோ வீட்டை நோக்கி நடந்து வருகிறது. கிதாரை மூட்டை கட்டிவிடலாம்தான். ஆனால் வாசிக்காவிட்டால் பிள்ளை விடிய விடிய விழித்துக்கொண்டு கிடப்பாளே. மனசைக் கல்லாக்கிக்கொண்டு வாசித்தார். பிறகு ஒரு சாயங்காலம் இரைச்சல் வாசற்படியில் ஏறியது. நனைந்த சாக்கு நாற்றம் வீடு முழுக்க.

வீட்டோடு இருந்த கொழுந்தியாள் லில்லிதான் அதைச் சொன்னாள். "பாவா, புள்ள இப்போ பகல்லயும் தூங்கிகினே கீறா. எழுப்பினா எழுந்துக்க மாட்டேங்கறா."

மாமா அதற்குமேல் நிற்கவில்லை. தங்கவேலின் மாட்டு வண்டியைப் பூட்டச் சொல்லி, திருத்தணியில் ஆனந்தன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். லில்லி மடியில் பிள்ளை. மாமா மடியில் கிதார், பக்கத்தில் பெட்டியும் பாட்டரியும். பயந்த மனுஷனுக்கு வழியில் கிதார் எதற்கு என்று கேட்காதீர்கள். அது எங்கே வருகிறது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

பொழுது இறங்கிவிட்டது. சக்கரம் கிறீச்... கிறீச்... மாமா பின்பக்கம் கிதாரைத் திருப்பினார். சத்தம் தணிந்தே இருந்தது. வலப்பக்கம், தணிந்தே. இடப்பக்கமும் அப்படியே. மாடுகள் போகிற முன்பக்கமும் அப்படியே. விட்டுத் தொலைந்தது என்று நினைத்தார். எத்தனையோ நாளுக்கப்புறம் நெஞ்சு நிறைய மூச்சு விட்டார். கிதாரைக் கீழே வைப்பதற்காக லில்லி பக்கம் சாய்ந்தார்.

ம்ம்ம்ம்ம்ம்ம்...

பெட்டி அதிர்ந்தது. தங்கவேல் வண்டியை நிறுத்திவிட்டான். மாமா பாட்டரியின் கிளிப்பைப் பிடுங்கி எறிந்தார். பெட்டிக்குள் இருந்த சிவப்பு வெளிச்சம் மெல்ல மெல்லச் செத்தது.

இரைச்சல் நிற்கவில்லை.

பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது. சத்தம் அவள் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது. அதே சுருதி... கொஞ்சம்கூடப் பிசகாமல். மாமா என்ன நினைத்தாரோ, உள்ளங்கையை அவள் நெஞ்சில் வைத்தார். சட்டென்று அடங்கியது. கையை எடுத்தார். ம்ம்ம்ம்...

"கைய எடுக்காதீங்க பாவா," என்று லில்லி அழுதாள்.

அப்படியே கை வைத்தபடிதான் திருத்தணி வந்து சேர்ந்தார்கள். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணினார். கறுப்புச் சுருளை மாமா கல்லால் நசுக்கிக் குளத்தில் போட்டுவிட்டார். பிள்ளை ஆனந்தன் வீட்டிலேயே இருக்கிறாள். விழித்திருக்கும்போது எல்லாப் பிள்ளைகளையும்போல விளையாடுகிறாள், சிரிக்கிறாள். தூங்கினால் மட்டும் யாராவது ஒருவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். வீட்டில் முறை போட்டுப் பார்க்கிறார்கள்.

நேற்று ஆனந்தன் முறை. இன்றைக்கு இவன் முகம் ஏன் இப்படி வெளுத்திருக்கிறது என்று வரும் வழியில் கேட்டேன். தன் உள்ளங்கைகள் இரண்டையும் விரித்துப் பார்த்துக்கொண்டான்.

அப்புறம் சொன்னான். "ரெண்டு கையும் வெச்சிப் பாத்தேன்டா... அடங்கல."