ஒன்பதாவது மீட்டரில் நடந்தது

என் பெயர், பாஸ்போர்ட் எண், ஊர் முகவரி ஆகியவை முதல் தாளில் உள்ளன. வயது நாற்பத்து நான்கு. மருத்துவமனை ஒன்றின் அறுவை அரங்கில், மயக்க மருந்துப் பிரிவில் டெக்னீஷியனாகப் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சிலிண்டரைத் திறப்பதும், அளவுமானியைப் படிப்பதும், மயங்கிக் கிடப்பவரின் மூச்சைக் கவனிப்பதும் என் வேலை. தற்போது துறைமுகத்துக்கு எதிர்த் தெரு விடுதியில், இரண்டாம் மாடியில், என் அக்காவுடனும் அக்கா கணவருடனும் தங்கியிருக்கிறேன். அவரை நான் அத்தான் என்றே அழைப்பதால் இதிலும் அவ்வாறே எழுதச் சொன்னேன். புகார் ஒன்றின் விசாரணைக்காக இந்த வாக்குமூலத்தை அதிகாரி முன்னிலையில் நான் தமிழில் சொல்லச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் எழுதிக்கொள்கிறார்.

அத்தானுக்கு வயது ஐம்பத்தொன்று. சொந்தமாகக் கார் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி வைத்திருக்கிறார். எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. பத்து நாள் சுற்றுலாவாக நாங்கள் மூவரும் இந்த நாட்டுக்கு வந்தோம். கடலுக்கடியில் சிலிண்டருடன் நீந்தக் கற்றுக்கொடுத்து, நான்கு நாளில் சான்றிதழ் அட்டை தரும் பள்ளி இங்கே இருப்பதை முன்கூட்டியே விசாரித்து, தனக்கும் எனக்கும் பெயர் பதிந்தவர் அத்தான். அக்கா தனக்குக் கரையே போதும் என்று சொல்லிவிட்டார். நான் நீச்சல் கற்றதே சென்ற ஆண்டுதான், அதுவும் ஏழு வயதுப் பிள்ளைகளின் வகுப்பில்.

பயிற்சியாளர் தமிழ் பேசும் பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். தலைகீழாகச் சட்டென்று தண்ணீருக்குள் பாய்வதைப் பார்த்து அத்தான் அவருக்கு மீன்கொத்தி என்று பெயர் வைத்தார். அவரும் சிரித்துக்கொண்டு அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பார்.

திங்கட்கிழமை காலை கடைக்கு மேலுள்ள வகுப்பறையில் எங்களிடம் உடல்நலப் படிவம் கொடுக்கப்பட்டது. விமானத்திலிருந்து இறங்கிய நாள் முதல் அத்தானுக்கு ஜலதோஷம், மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். படிவத்தில் அதைப் பற்றிய கேள்விக்கு அவர் ‘இல்லை’ என்று குறித்ததை நான் பார்த்தேன். கேட்டதற்கு, “சளிக்கெல்லாம் ஆமான்னு போட்டா நம்மள டாக்டர்கிட்ட அனுப்பிடுவாங்க. நீ பேசாம இரு” என்றார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அது என் தவறு. அதை இதில் எழுதவேண்டும்.

அதன் பிறகு நீச்சல் குளத்துக்குப் போனோம். சிலிண்டரை முதுகில் மாட்டி, ரப்பர் வாய்க்குழாயைப் பல்லால் கடித்துக்கொண்டு, மீன்கொத்தி சொன்னபடி தண்ணீருக்குள் முகத்தை வைத்து முதல் மூச்சை இழுத்தேன். மூச்சு வந்தது. பத்தொன்பது ஆண்டுகள் பிறர் மூச்சைப் பார்த்த எனக்கு, என் மூச்சின் சத்தத்தைக் கேட்டது அதுவே முதல் முறை. சிரித்துவிட்டேன். சிரித்ததில் மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்து, இருமிக்கொண்டு எழுந்தேன். உடனே மறுபடி உள்ளே போகவேண்டும் என்று நானே கேட்டேன். அத்தான் எல்லாம் பிரமாதம் என்று காட்டக் கட்டைவிரலை உயர்த்தினார். தண்ணீருக்கடியில் அதற்கு ‘மேலே போகலாம்’ என்று பொருளாம். மீன்கொத்தி அவரை மேலே கூட்டிப் போய்விட்டார். இப்படி மூன்று தடவை நடந்தது.

அன்று எங்களுக்குச் சொல்லப்பட்ட விதிகள்: மூச்சை அடக்கக் கூடாது, வேகமாக மேலே ஏறக் கூடாது, இறங்கும்போது மூக்கைப் பிடித்து ஊதிக் காதடைப்பை எடுத்துக்கொண்டே இறங்கவேண்டும், காது வலித்தால் அங்கேயே நின்று சைகை காட்டவேண்டும். கடைசி விதியை மீன்கொத்தி எங்கள் இருவரையும் திருப்பிச் சொல்ல வைத்தார். அத்தான் சொன்னது என் காதில் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை கடலில் இரண்டு முறை, ஆறு மீட்டர் வரை இறங்கினோம். அத்தான் மெதுவாகத்தான் இறங்கினார், ஆனால் இறங்கினார். அன்றிரவு தலை வலிக்கிறது என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். என்னிடமோ மீன்கொத்தியிடமோ சொல்லவில்லை.

புதன்கிழமை காலை பத்து மணியளவில் மூன்றாம் முறை. படகில் நானே இரண்டு அளவுமானிகளையும் பார்த்தேன். என்னுடையதும் அத்தானுடையதும் முழு அளவான இருநூறு காட்டின. அதன் பிறகு நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். ஐந்து மீட்டரில் மீன்கொத்தி நின்று, காதைத் தொட்டு, சரியா என்று அத்தானைக் கேட்டார். அவர் விரல்களை வட்டமாக்கிச் சரி என்றார். ஏழு மீட்டரில் மறுபடி கேட்டார். மறுபடியும் சரி என்றார். யாரும் அவரைக் கீழே இழுக்கவில்லை. மீன்கொத்தி அவருக்கு மேலேதான் இருந்தார்.

ஒன்பதாவது மீட்டரில் அத்தான் கயிற்றை விட்டுவிட்டு இடது காதைப் பொத்தினார். உடனே மேல்நோக்கி உதைக்க ஆரம்பித்தார். அதில் அவருடைய வாய்க்குழாய் கழன்றது. நான் கைநீளத் தூரத்தில் இருந்தேன். அவரது மிதவை ஜாக்கெட்டின் பட்டையைப் பிடித்து, என்னிடமிருந்த மஞ்சள் நிற உபரி வாய்க்குழாயை அவர் வாயில் வைத்தேன். அதே நொடியில் மீன்கொத்தி மறுபக்கம் வந்து பிடித்துக்கொண்டார். அத்தானின் மாஸ்க்குக்குள் மூக்கிலிருந்து ரத்தம் வந்திருந்தது. அவர் மூச்சு விடுகிறாரா என்று குமிழிகளை எண்ணினேன். பதினோராவது குமிழியில் அவர் கண் என்னைப் பார்த்தது. அதன் பிறகு மூவரும் அவசரப்படாமல் மேலே வந்தோம். படகில் ஏற்றியதும் மீன்கொத்தி ஆக்சிஜன் கொடுத்தார். அதை நான் சரிபார்த்தேன். அப்போது அத்தானின் சிலிண்டரில் நூற்றெழுபது மீதி இருந்தது. சிலிண்டர் காலி என்பது உண்மையல்ல. சளியால் காதடைப்பு எடுபடாமல் செவிப்பறையில் சிறு துளை விழுந்திருக்கிறது, சில வாரங்களில் தானாக மூடும் என்று மருத்துவர் சொன்னார்.

வியாழக்கிழமை காலை நான்காம் முறை போகலாமா என்று அக்காவைக் கேட்டேன். “நீயாவது முடிச்சிட்டு வா, இல்லேன்னா ஊருக்குப் போற வரைக்கும் இதையேதான் பேசிக்கிட்டிருப்ப” என்றார். போனேன். பதினைந்து மீட்டரில் வெள்ளை மணல். அதில் நூறு, நூற்றைம்பது மெல்லிய விலாங்குகள், விரல் தடிமன்தான் இருக்கும், வாலை மணலில் புதைத்து நாற்று நட்டதுபோல் நின்று ஒரே பக்கமாக ஆடிக்கொண்டிருந்தன. நாங்கள் நெருங்கியதும் அத்தனையும் ஒன்றாக மணலுக்குள் போய்விட்டன. அசையாமல் காத்திருந்தோம். ஒவ்வொன்றாகத் தலை நீட்டின. இது வழக்குக்குத் தேவையில்லை என்று அதிகாரி கூறினார். எழுதியே ஆகவேண்டும் என்று நான் கேட்டதால் எழுதப்பட்டது. அங்கேதான் மாஸ்க்கைக் கழற்றி மாட்டும் கடைசிச் சோதனையில் தேறினேன்.

மதியம் சான்றிதழ் அட்டையுடன் விடுதிக்கு ஓடி வந்தேன். அக்கா மட்டும் அறையில் இருந்தார். பயிற்சியாளர் தன்னைப் பலவந்தமாகக் கீழே இழுத்தார், காலி சிலிண்டர் கொடுத்தார் என்று அத்தான் புகார் எழுதிக்கொடுக்கப் போயிருப்பதாகச் சொன்னார். மாலையில் பள்ளிக்குப் பூட்டுப் போடப்பட்டதையும், மீன்கொத்தியின் உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டதையும் நேரில் பார்த்தேன். மீன்கொத்தி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். அத்தானின் காது எப்படி இருக்கிறது என்று என்னிடம் விசாரித்தார்.

அதன் பிறகு அத்தானிடம் பேசினேன். படிவத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடி, “ஊருல வண்டி கத்துக்கிற பசங்க கேப்பாங்க இல்ல, சார் என்னாச்சுன்னு. இருபத்தஞ்சு வருஷமா பயப்படாத, பயப்படாதன்னு சொல்லிக்கொடுத்தவன் நான்” என்றார். அக்கா துணி மடித்துக்கொண்டே, “பயந்தது தப்பில்லைங்க. அந்தப் பொண்ணு பொழப்புல மண்ணள்ளிப் போட்டீங்களே, அதுதான் தப்பு” என்றார். அன்றிரவு அத்தான் சாப்பிட வரவில்லை.

இன்று காலை நான் இங்கே வரக் கிளம்பியபோது அத்தான் எனக்கு முன்பே சட்டை மாற்றிக்கொண்டு கதவருகே நின்றிருந்தார். இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். தானும் ஒரு வாக்குமூலம் தரவேண்டும், முதலில் கொடுத்ததைத் திரும்பப் பெறவேண்டும் என்கிறார். அவருக்கு இப்போது இடது காது சரியாகக் கேட்கவில்லை. அதிகாரி வலது பக்கமாக உட்கார்ந்து, கொஞ்சம் உரக்கக் கேட்கும்படி வேண்டுகிறேன்.

நான் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் கையால் செய்ததையும் தவிர இதில் வேறொன்றும் சேர்க்கவில்லை. யாரும் சொல்லிக்கொடுத்து இதைச் சொல்லவில்லை. எழுதியது எனக்கு முழுவதும் படித்துக்காட்டப்பட்டது, சரியாக உள்ளது.

(கையொப்பம்)